நீரிழிவு மூலிகைகளின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறன்: முதன்முறை ஆய்வில் இறங்கும் மாணவருக்கு ஒரு வழிகாட்டி

முதுநிலை உயிர்வேதியியல் இறுதிப் பருவத்தில் ஆய்வுக்கென்று எனக்குக் கிடைத்த இருபது வாரங்களில் ஏழு வாரங்கள், ஒரு சோதனைக்குழாயைக்கூடத் தொடாமலே கழிந்தன. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கால் கிலோ சிறுகுறிஞ்சான் பொடியோடு தாவர அடையாளச் சான்றிதழ் கேட்டுப் போய் நின்றேன். அந்தப் பொடியை ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த அலுவலர், "பூவும் காயும் உள்ள கிளையைக் கொண்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஆய்வகச் சோதனைகள் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். காலத்தைத் தின்பவை அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளே. ஆகவே இந்தக் கட்டுரையில் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. செடிக்கு முன் கேள்வியை முடிவு செய்யுங்கள்

"நீரிழிவுக்குப் பயன்படும் மூலிகை, ஆகவே அதில் ஆன்டிஆக்சிடன்ட் (ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி) இருக்கும், ஆகவே அது நீரிழிவைக் குறைக்கிறது" என்ற சங்கிலியோடுதான் பெரும்பாலானோர் தொடங்குகிறார்கள். வாய்மொழித் தேர்வில் முதலில் அறுபடுவதும் இந்தச் சங்கிலிதான்.

இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பர்ஆக்சைடு என்னும் தனி உறுப்பு (ஃப்ரீ ராடிக்கல், அதாவது எதனோடும் எளிதில் வினைபுரிந்து சேதப்படுத்தும் துகள்) மிகுதியாக உருவாகிறது. மிகுந்த குளுக்கோஸின் ஒரு பகுதி சார்பிட்டாலாக மாறும்போது, குளுட்டாதயோன் என்னும் காப்புப் பொருளைப் புதுப்பிக்கத் தேவையான என்ஏடிபிஹெச் என்னும் துணைப்பொருள் செலவழிந்து, செல்லின் சொந்தப் பாதுகாப்பும் குறைகிறது. இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களில் கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் ஆகிய காப்பு நொதிகள் இயல்பிலேயே குறைவு என்பதால் அவை எளிதில் சேதமடைகின்றன. ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனை நீரிழிவோடு சேர்த்துப் பார்ப்பதற்கு உள்ள நியாயம் இதுதான்.

ஆனால் எல்லா மூலிகைக்கும் இந்த வழியே பெயர் வாங்கித் தரவில்லை. சிறுகுறிஞ்சானின் புகழுக்குக் காரணமான ஜிம்னிமிக் அமிலங்கள் சப்போனின் வகையைச் சேர்ந்தவை. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிகளைத் தற்காலிகமாக மறைப்பவை. பச்சை இலை ஒன்றை நன்கு மென்றுவிட்டு ஒரு சிட்டிகைச் சர்க்கரையை வாயில் போட்டுப் பாருங்கள். மணலைக் கடிப்பது போல இருக்கும். வெந்தயத்தில் பேசப்படுவது கரையும் நார்ப்பொருளும் 4-ஹைட்ராக்சி ஐசோலூசின் என்னும் அமினோ அமிலமும். பாகற்காயில் சாரன்டினும் ஒரு பெப்டைடும். மாறாக நாவல் கொட்டையில் காலிக் அமிலம், எல்லாஜிக் அமிலம், டானின்கள் ஆகியவை மிகுந்திருப்பதால் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புச் சோதனைகளில் அது வலுவான எண்களைக் காட்டும். எனவே நாவல் கொட்டையையும் பாகற்காயையும் டிபிபிஹெச் (அந்தப் பெயருள்ள ஊதா வேதிப்பொருளின் நிறம் மங்குவதைக் கொண்டு ஆக்சிஜனேற்ற எதிர்ப்பை அளக்கும் சோதனை) எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டு, "நாவலே சிறந்த நீரிழிவு மருந்து" என்று எழுதினால் அது பிழை. உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி, அதில் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பையும் சர்க்கரைக் குறைப்பையும் இரண்டு தனிக் கணக்குகளாக வைத்திருக்கிறீர்களா என்று பார்த்த பிறகே வழிகாட்டியிடம் கொண்டு செல்லுங்கள்.

2. பருவத்தை நாட்காட்டியில் குறியுங்கள்

பெரும்பாலான கல்லூரிகளில் ஆய்வுப் பருவம் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. நாவல் பழுப்பதோ ஆனி, ஆடி மாதங்களில். டிசம்பரில் நாவல் கொட்டை வேண்டுமென்றால் கடையில்தான் வாங்க வேண்டும். அது எந்த ஆண்டுச் சரக்கு, எவ்வளவு காலம் மூட்டையில் கிடந்தது என்பது கடைக்காரருக்கே தெரியாது. காலிக் அமிலம், டானின் போன்ற பினாலிக் பொருட்கள் சேமிப்பில் குறையக்கூடியவை என்பதால், பழைய சரக்கில் கிடைக்கும் எண் அந்தச் சரக்கை மட்டுமே குறிக்கும். நாவலில்தான் ஆய்வு என்று முடிவு செய்தால், முந்தைய ஆடியிலேயே கொட்டைகளைச் சேர்த்துக் கழுவி உலர்த்தி வைத்துவிடுங்கள்.

ஆவாரை இந்த வகையில் வசதியானது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு அதைத் தேடிப் போகிற காலமே உங்கள் சேகரிப்புக் காலமாகவும் அமையும். பூவும் காயும் ஒரே கிளையில் கிடைக்கும். சாலையோரத்திலும் தரிசிலும் வளர்வதால் அனுமதிச் சிக்கலும் குறைவு. ஆனால் நெடுஞ்சாலை ஓரத்துச் செடியைத் தவிர்த்து, ஊர்த் தரிசில் உள்ளதைப் பறியுங்கள். வாகனப் புகையும் ஈயமும் படிந்த பூவின் எண்ணை நம்ப முடியாது.

வேங்கையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் வைரக் கட்டையில் டெரோஸ்டில்பீன் உள்ளிட்ட நல்ல பினாலிக் பொருட்கள் உண்டு. ஆசை வருவது இயல்பு. கடையில் விற்கும் வேங்கை டம்ளரைச் சீவி ஆய்வு செய்யலாமா என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் மெய்யாகவே யோசித்தார். இலையும் பூவும் இல்லாத கட்டையை அடையாளம் காண மர உள்ளமைப்பியல் தெரிந்தவர்கள் வேண்டும். பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களுக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். இருபது வாரத்தில் முடிகிற காரியம் அன்று.

3. அடையாளச் சான்றிதழை முதல் வாரத்திலேயே கேளுங்கள்

இந்தச் சான்றிதழ் இல்லாமல் ஆய்வேட்டை ஏற்றாலும், எந்த நல்ல இதழும் கட்டுரையை ஏற்காது. கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும், திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியமும் (உலர்தாவரத் தொகுப்பகம்) தமிழ்நாட்டு மாணவர்கள் வழக்கமாக நாடும் இடங்கள். சில கல்லூரித் தாவரவியல் துறைகளும் அடையாளம் கண்டு தருகின்றன. ஆனால் அங்கே மாதிரியை உலர்தாவரத் தொகுப்பில் சேர்த்து எண் தருவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுரையில் கேட்கப்படுவது அந்த எண்தான்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: பூவும் காயும் உள்ள கிளை குறைந்தது இரண்டு, துறைத் தலைவரின் கையொப்பமும் முத்திரையும் உள்ள வேண்டுகோள் கடிதம், நீங்கள் அந்தக் கல்லூரி மாணவர் என்பதற்கான போனஃபைடு சான்று, சேகரித்த நாள், ஊர், வட்டம், மாவட்டம், செல்பேசியில் எடுத்த அட்சரேகை தீர்க்கரேகை, ஊர் வழக்கில் உள்ள பெயர், செடியின் உயரம், பூவின் நிறம் ஆகியவற்றை எழுதிய குறிப்புத் தாள். பூவின் நிறத்தைப் பறித்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். உலர்ந்த பிறகு எல்லாம் பழுப்புத்தான். கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் போகுமுன் தொலைபேசியில் தொகையையும், அதைப் பணமாகவா, வரைவோலையாகவா, இணையவழியிலா எப்படிப் பெறுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். வரைவோலைக்காக ஒரு பகல் முழுவதும் வங்கியில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கிளையைச் செய்தித்தாள் மடிப்பில் வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, முதல் வாரம் நாள்தோறும் தாளை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் பூஞ்சை பிடிக்கும். சான்றிதழ் கைக்கு வர இரண்டு முதல் நான்கு வாரம் வரை என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

சான்றிதழில் வரும் தாவரவியல் பெயர் நீங்கள் படித்த பழைய கட்டுரைகளில் உள்ள பெயராக இல்லாமல் இருக்கலாம். ஆவாரையைப் பழைய கட்டுரைகள் கேசியா ஆரிகுலேட்டா என்றும் புதியவை சென்னா ஆரிகுலேட்டா என்றும் குறிக்கும். முன்னாய்வுகளைத் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள். இல்லையென்றால் பாதி இலக்கியம் கண்ணில் படாமலே போகும்.

4. அனுமதிகளில் எது தேவை, எது தேவையில்லை

2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி, இந்தியக் குடிமகனாகிய நீங்கள் இந்தியக் கல்லூரியில் செய்யும் கல்வி ஆய்வுக்கு, சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் முன் அனுமதி வேண்டியதில்லை. ஆனால் சாற்றையோ பொடியையோ வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப எண்ணினாலும், காப்புரிமை கோர எண்ணினாலும், ஆணையத்தை அணுகியே ஆக வேண்டும். வழிகாட்டியின் நண்பர் வெளிநாட்டில் இருக்கிறார், அவர் ஆய்வகத்தில் இலவசமாகப் பகுத்துத் தருவார் என்ற பேச்சு எழுந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திக் கேளுங்கள். காப்புக்காட்டுக்குள் பறிப்பதானால் வனத்துறை அனுமதி தனி. அதற்கு மாதங்கள் ஆகலாம்.

எலிகளில் சோதனை என்றால் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் வேண்டும். குழு கூடுவதோ ஆண்டில் சில முறைதான். ஒரே பருவத்து ஆய்வில் விலங்குச் சோதனையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் ஒரு கருத்துப் பொறியும் உண்டு: எலிக்கு நீரிழிவை உண்டாக்கப் பயன்படும் அலோக்சான், பீட்டா செல்லைத் தனி உறுப்புகளைக் கொண்டே அழிக்கிறது. ஆகவே வலுவான ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி எதை முன்கூட்டியே கொடுத்தாலும் எலி ஓரளவு தப்பலாம். அதை நீரிழிவு மருந்து என்பது நியாயமாகாது.

5. வேதிப்பொருட்களுக்கு எவ்வளவு ஆகும்

டிபிபிஹெச் ஒரு கிராம் இந்தியத் தயாரிப்பே சில ஆயிரம் ரூபாய். வெளிநாட்டுத் தயாரிப்பு அதைவிடப் பன்மடங்கு. விலையைப் பார்த்து மலைத்துவிடாமல் ஒரு கணக்குப் போடுங்கள். 0.1 மில்லிமோலார் கரைசலுக்கு 100 மி.லி. மெத்தனாலில் 3.94 மி.கி. போதும். ஒரு குழாய்க்கு 3 மி.லி. வீதம் தொண்ணூறு குழாய்களுக்கு 270 மி.லி., அதாவது ஏறத்தாழ 10.6 மி.கி.; இதையே மூன்று முறை திரும்பச் செய்தாலும் 32 மி.கி.தான் ஆகும். ஒரு கிராம் புட்டியை முப்பது மாணவர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். எங்கள் வகுப்பில் ஐந்து பேர் ஆளுக்கொரு புட்டி வாங்கி, ஐந்தும் இன்றும் குளிர்பெட்டியில் கிடக்கின்றன.

பணம் உண்மையில் போவது மெத்தனாலுக்கும், வடிதாளுக்கும், வெளி ஆய்வகக் கட்டணங்களுக்கும். என் மொத்தச் செலவு ஏறத்தாழ 18,000 ரூபாய். அதில் பாதிக்கு மேல், கல்லூரியில் இல்லாத கருவிகளுக்காக வெளியே கட்டியது. விலைப்புள்ளி வாங்கும்போது ஜிஎஸ்டியும் அனுப்பும் செலவும் சேர்ந்ததா என்று கேளுங்கள், பெரும்பாலும் சேர்ந்திருக்காது. நொதிகள் பனிக்கட்டியில் வருவதால் அனுப்பும் செலவு பொருளின் விலையை எட்டிவிடுவதும் உண்டு. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ஆய்வுத் திட்டங்களுக்கு உதவித்தொகை அளிக்கிறது. அறிவிப்பு ஆண்டுக்கு ஒரு முறையே வருவதால், இறுதியாண்டு தொடங்கும்போதே அதைக் கவனியுங்கள்.

6. உலர்த்துதலும் சாறு எடுத்தலும்

நிழலில் உலர்த்துங்கள்; வெயிலில் காய்ந்தால் நீங்கள் அளக்க வந்த பொருளே சிதையும். ஒரு கிலோ பச்சை இலை உலர்ந்தால் கால் கிலோவுக்கும் குறைவாகத்தான் மிஞ்சும் என்பதை மனத்தில் வைத்துப் பறியுங்கள். பிளாஸ்டிக் விரிப்பில் பரப்பினால் அடிப்பக்கம் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணியோ தாளோ நல்லது. இலை கையில் நொறுங்கும் பதம் வந்ததும் அரைத்துச் சலித்துக் காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் அடையுங்கள்.

பொடி 1 பங்கு, கரைப்பான் 10 பங்கு என்ற அளவில் 72 மணி நேரம் ஊற வைத்து, இடையிடையே குலுக்கி வடிகட்டுவது எளிய முறை. சூடான கரைப்பானைத் திரும்பத் திரும்பப் பொடி வழியே செலுத்தும் சாக்ஸ்லெட் கருவி விரைவானது, ஆனால் வெப்பத்தில் சிதையும் பொருட்களை இழக்க நேரும். மெத்தனால் சாற்றோடு நீர்ச் சாற்றையும் கட்டாயம் எடுங்கள். மக்கள் குடிப்பது கொதிக்க வைத்துச் சுண்டிய குடிநீரை. மெத்தனால் சாற்றின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மரபுப் பயன்பாட்டைப் பற்றிப் பேச உங்களுக்கு வழியில்லை. நீர்ச் சாறு குளிர்பெட்டியிலும் ஓரிரு நாளில் கெடத் தொடங்கும் என்பதால் உறைநிலை உலர்த்தி எங்கே கிடைக்கும் என்று முன்பே விசாரித்து, நாள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெத்தனாலைச் சுழல் ஆவியாக்கியில் 40 டிகிரியில் வற்ற வைத்தால், புளிக்கரைசல் சுண்டியது போலக் கருத்த பிசின் தட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சுரண்டும் நேரத்தில்தான் வெறும் தட்டின் எடையைப் பார்க்க மறந்தது நினைவுக்கு வரும். எனக்கு வந்தது. வெறும் தட்டை எடைபோட்டு அதன் மேலேயே எழுதிவிடுங்கள். விளைச்சல் சதவீதம் (பொடியின் எடையில் எவ்வளவு சாறாகக் கிடைத்தது என்பது) இல்லாத ஆய்வேட்டில் மற்ற எண்கள் எதையும் ஒரு கிராம் இலைக்கு என்று மாற்றிச் சொல்ல முடியாது.

7. டிபிபிஹெச் சோதனை: நான்கு பொறிகள்

ஊதா நிறக் கரைசலோடு சாற்றைக் கலந்து, 30 நிமிடம் இருட்டில் வைத்து, 517 நானோமீட்டரில் ஒளி உட்கவர்தலை அளப்பதே சோதனை. சாறு வலுவானதாக இருந்தால் ஊதா வெளிறி மஞ்சளாகும்.

முதல் பொறி, சாற்றின் சொந்த நிறம். பச்சையமோ செந்நிறப் பொருளோ மிகுந்த சாறு 517இல் தானே ஒளியை உட்கவர்வதால், செறிவு கூடக்கூடத் திறன் குறைவது போல எண்கள் வரும். எனக்கு மிக உயர்ந்த செறிவில் எதிர்மறைச் சதவீதமே வந்தது. இரண்டு நாள் கருவியைப் பழித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு செறிவுக்கும் டிபிபிஹெச் இல்லாமல் மெத்தனாலும் சாறும் மட்டும் கொண்ட ஒரு குழாயை வைத்து, அதன் அளவைக் கழியுங்கள்.

இரண்டாவது, செறிவுக் கணக்கு. ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் கொண்ட சாற்றில் 1 மி.லி. எடுத்து 3 மி.லி. டிபிபிஹெச்சோடு சேர்த்தால் குழாயில் உள்ள செறிவு 25தான். 100 என்று எழுதினால் உங்கள் ஐசி50 (டிபிபிஹெச்சில் பாதியைச் செயலிழக்கச் செய்யும் சாற்றின் செறிவு) நான்கு மடங்கு தவறும். எந்தச் செறிவைக் குறிக்கிறீர்கள் என்று முறைப் பகுதியில் எழுதுங்கள்.

மூன்றாவது, பழைய கரைசல். மேற்சொன்ன கலவை விகிதத்தில் சாறு சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாய் 0.8 முதல் 0.9 வரை காட்ட வேண்டும். அதற்கு வெகுவாகக் கீழே இருந்தால் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரியுங்கள். தயாரித்த அன்றே, புட்டியை அலுமினியத் தாள் சுற்றி மறைத்துப் பயன்படுத்துவது நல்லது.

நான்காவது, பிறர் எண்ணோடு ஒப்பிடுதல். டிபிபிஹெச்சின் செறிவும் காத்திருக்கும் நேரமும் மாறினால் ஐசி50ம் மாறும். ஒரே நாளில் அதே கரைசலில் அஸ்கார்பிக் அமிலத்தையும் (வைட்டமின் சி) ஓட்டி, அதனோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

8. துணைச் சோதனைகள்

ஒரே சோதனையை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்பதால், இரும்பு ஒடுக்கும் திறனை 593 நானோமீட்டரில் அளக்கும் ஃப்ரேப், 734இல் அளக்கும் ஏபிடிஎஸ் ஆகியவற்றில் ஒன்றையாவது சேர்க்கச் சொல்வார்கள். ஏபிடிஎஸ் கரைசலைப் பொட்டாசியம் பெர்சல்ஃபேட்டோடு 12 முதல் 16 மணி நேரம் முன்பே கலந்து இருட்டில் வைக்க வேண்டும். அதாவது முந்தைய நாள் மாலையில் ஆய்வகச் சாவி உங்களுக்குக் கிடைக்க வேண்டும்.

மொத்தப் பினால் அளவுக்கு ஃபோலின்-சியோகால்ட்டியூ முறை வழக்கமானது. ஆனால் அந்த வினைப்பொருள் பினாலை மட்டும் அறிவதில்லை. வைட்டமின் சி, ஒடுக்கும் சர்க்கரைகள், சில புரதங்கள் எல்லாம் நீல நிறம் தரும். நெல்லிக்காய் போன்றவற்றில் இது பெரிய மயக்கம் உண்டாக்கும்.

நீரிழிவுத் தொடர்பைக் காட்ட, குடலில் மாவுப்பொருளைக் குளுக்கோஸாக உடைக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதியைச் சாறு எவ்வளவு தடுக்கிறது என்ற சோதனையைச் சேர்ப்பது பயனுள்ளது. மலிவாகக் கிடைப்பது ஈஸ்ட்டிலிருந்து எடுத்த நொதி. ஒப்பீட்டுக்கு வைக்கும் நீரிழிவு மருந்தாகிய அகார்போஸ் பாலூட்டிகளின் குடல் நொதியை வலுவாகவும் ஈஸ்ட் நொதியை மிகப் பலவீனமாகவும் தடுக்கிறது. அதனால் ஈஸ்ட் நொதியில் எந்தச் சாறும் அகார்போஸைத் தோற்கடிப்பது போலத் தோன்றும். "மருந்தைவிட ஆவாரை சிறந்தது" என்று எழுதுமுன், நொதி எதிலிருந்து வந்தது என்று புட்டியின் மேல் படியுங்கள்.

9. எண்களை எழுதும்போது

ஒரே சாற்றிலிருந்து மூன்று குழாய் வைத்து அளந்தால் அது மூன்று தனிச் சோதனை ஆகாது. உங்கள் பிப்பெட் கை எவ்வளவு சீரானது என்பதை மட்டுமே அது காட்டும். இயன்றால் மூன்று தனித்தனிச் செடித் தொகுதிகளிலிருந்து மூன்று சாறுகள் எடுங்கள். இயலாவிட்டால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

முறைப் பகுதியை மூத்தவரின் ஆய்வேட்டிலிருந்து எடுத்து ஒட்டும் பழக்கம் எல்லாத் துறையிலும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி ஒத்த பகுதி 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தித் தர வேண்டியிருக்கும். நீங்கள் உண்மையில் செய்த அளவுகளையும் நேரத்தையும் உங்கள் சொற்களில் எழுதினாலே இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். ஒப்புமை அறிக்கைக்கும் நூலகரின் கையொப்பத்திற்கும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். மார்ச் கடைசியில் எல்லோரும் ஒரே மேசை முன்தான் நிற்பார்கள்.

முடிவுரையில் "சோதனைக்குழாயில் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறன் காணப்பட்டது" என்பதோடு நில்லுங்கள். குழாயில் கிடைத்த எண் உடலுக்குள் அப்படியே செல்லுபடியாவதில்லை என்ற காரணத்தால்தான், உணவுப் பொருட்களின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனைப் பட்டியலிட்ட தரவுத்தளத்தை அமெரிக்க வேளாண் துறையே 2012இல் விலக்கிக்கொண்டது.

ஆய்வு நடக்கும் செய்தி ஊரில் பரவினால் உறவினர்கள் பொடி கேட்பார்கள். எங்கள் பெரியப்பா இரண்டு முறை கேட்டார். அவர் ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை எடுப்பவர். மாத்திரையோடு இதுவும் சேர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் எதையும் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். மெத்தனால் பட்ட சாற்றை யாருக்கும், எந்த நிலையிலும் கொடுக்கக் கூடாது. மீதமுள்ள சாற்றைப் பெயர், நாள், கரைப்பான், சான்றிதழ் எண் எழுதிய சீட்டோடு மைனஸ் 20 டிகிரியில் வைத்து, கட்டுரை அச்சாகும் வரை காப்பாற்றுங்கள். மதிப்பீட்டாளர் ஒரு சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லும்போது தேவைப்படுவது அந்தச் சிறு புட்டிதான்.